அரச மரம் ராத்திரியும் ஆக்சிஜன் விடுமா?

கேள்வி, மார்ச் 3

எங்கள் தெரு முனையில் பிள்ளையாரோடு ஒரு அரச மரம் இருக்கிறது. "அரச மரம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும், அதனால்தான் முன்னோர்கள் சுற்றச் சொன்னார்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. எங்கள் அப்பத்தாவோ புளிய மரத்தடியில் ராத்திரி படுக்கவே விடாது. மரம் கெட்ட காத்து விடும் என்று சொல்லும். இது மரத்துக்கு மரம் மாறுமா? படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட் வைத்தால் ராத்திரி ஆக்சிஜன் கிடைக்கும் என்று நர்சரியில் சொன்னார்களாம், வீட்டில் வாங்கச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 3, இரவு

விடாது. அரசு, ஆல், வேம்பு, துளசி எதுவுமே இருட்டில் ஆக்சிஜன் விடாது. இலையிலிருந்து வரும் ஆக்சிஜன், தண்ணீர் உடைவதால் வருவது. பச்சையத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் இலை தண்ணீரை உடைக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும். இதில் மரத்துக்கு மரம் விதிவிலக்கு இல்லை.

அப்பத்தா சொன்னது பாதி சரி. மரம் ராத்திரி கரியமில வாயு விடுகிறது. ஸ்நேக் பிளான்ட் விஷயம் கொஞ்சம் நீளம், தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை

அந்தப் பாதியை விட்டுவிட்டுத் தூங்கப் போனது சரியில்லை என்று தோன்றியது. எவ்வளவு விடுகிறது என்று சொல்லாமல் "விடுகிறது" என்று மட்டும் சொன்னால் பயம்தான் மிஞ்சும். கணக்குப் போட்டுவிடலாம்.

ராத்திரியில் ஒரு சதுர மீட்டர் இலை விநாடிக்குச் சுமார் 1 மைக்ரோமோல் (வாயுவை அளக்கும் மிகச் சிறிய அலகு) கரியமில வாயு விடும். செடியையும் வெப்பத்தையும் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். சும்மா படுத்திருக்கும் ஒரு ஆள் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் அளவில் விடுகிறார், அதாவது விநாடிக்குச் சுமார் 150 மைக்ரோமோல். ஆக ஒரு ஆள் விடும் அளவை எட்ட 150 சதுர மீட்டர் இலை வேண்டும். தொட்டிச் செடியின் இலைகளை எல்லாம் பறித்துத் தரையில் பரப்பினாலும் ஒரு சதுர மீட்டர் தேறுவது கஷ்டம். கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது.

கிளை பரப்பிய பெரிய புளிய மரத்துக்குச் சில நூறு சதுர மீட்டர் இலை இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மூன்று பேர் கூடப் படுத்திருப்பதற்குச் சமம். அதுவும் திறந்த வெளியில். காற்று அசைந்தால் கலந்துவிடும். புளிய மரத்தடியில் படுக்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், இருட்டில் பூச்சி பொட்டு வரும், காய்ந்த கிளை விழும். மூச்சு முட்டும் என்பது காரணம் இல்லை.

ராத்திரி செடி காற்றைக் கெடுக்கிறது என்பதைச் சோதனை செய்து முதலில் எழுதியவர் யான் இங்கென்ஹவுஸ், 1779இல். டச்சு மருத்துவர், லண்டன் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு ஒரே கோடையில் ஐந்நூறுக்கு மேல் சோதனைகள் செய்தார். அதற்கு எட்டு வருடம் முன்னால் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த மூடிய காற்றில் புதினாக் கொத்தை வைத்து, பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிவதைப் பார்த்திருந்தார். ஆனால் அந்தச் சோதனை சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. அது வெளிச்சத்தைப் பொறுத்தது, இலை மாதிரிப் பச்சைப் பாகங்கள் மட்டுமே செய்வது என்று கண்டுபிடித்தவர் இங்கென்ஹவுஸ். இதில் ஊர் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. ராத்திரிக் கெடுதல் பகல் நன்மையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் சொன்னதில் பாதிதான் ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

மார்ச் 4, இரவு

"பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்றுதானே பள்ளியில் படித்தோம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் உயிரியல் பாடம் எடுக்கிறவள். ஒவ்வொரு வருடமும் முதல் பரீட்சைத் தாளில் இதே வரியைச் சிவப்பு மையால் அடிக்கிறேன்.

செடி பகலிலும் சுவாசிக்கிறது. நிறுத்துவதே இல்லை. பகலில் இலை எடுக்கும் கரியமில வாயு சுவாசத்தில் விடுவதை விட மிக அதிகம். அதனால் வெளியிலிருந்து அளந்தால் எடுப்பது மட்டும் தெரியும், விடுவது அதற்குள் மறைந்துவிடும். அந்தி நேரத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் எடுப்பதும் விடுவதும் சரியாக ஈடாகி, வெளியே எந்த வாயுவும் போகாமல் வராமல் இருக்கும். அதற்குப் பிறகு விடுவது மட்டும்தான் தெரியும். ராத்திரி எதுவும் புதிதாக ஆரம்பிப்பதில்லை.

பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி: மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு வெளிச்சம் எப்போது கிடைக்கும்? கிடைக்கவே கிடைக்காது. அப்படியென்றால் வேர் எதை வைத்துப் பிழைக்கிறது? இலையிலிருந்து வரும் சர்க்கரையை எரித்துத்தான், நம்மைப் போலவே. அதற்கு மண் இடுக்கில் இருக்கும் காற்றின் ஆக்சிஜன் வேண்டும். தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் செடியைக் கொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆக்சிஜனைத்தான் தடுக்கிறார்கள். மழையில் நாலு நாள் தண்ணீர் நின்ற வாழைத்தோப்பில் இலை மஞ்சளாவதும் இதனால்தான்.

உலகம் முழுக்கச் செடி கொடிகள் ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் கார்பனில் ஏறக்குறைய பாதியை அவையே சுவாசித்துத் திரும்ப விட்டுவிடுகின்றன. மீதிப் பாதிதான் மரம், இலை, நெல், மாங்காய், நாம் எல்லாரும்.

மார்ச் 5

ஸ்நேக் பிளான்ட்.

ராத்திரி இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும் செடிகள் நிஜமாகவே உண்டு. கள்ளி வகை, கற்றாழை, அன்னாசி, பிரண்டைத் தண்டு, ஸ்நேக் பிளான்ட் எல்லாம் இந்தக் கூட்டம். கேம் தாவரங்கள் என்று வகுப்பில் சொல்வோம். வறண்ட இடத்தில் பகலில் துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் ராத்திரியே வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்துவைக்கும். விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்திலிருந்து வாயுவை உள்ளுக்குள்ளேயே எடுத்து, வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்யும்.

வாட்ஸ்அப் செய்தி இங்கேதான் கோட்டை விடுகிறது. கரியமில வாயு எடுப்பது ராத்திரி. தண்ணீரை உடைத்து ஆக்சிஜன் விடுவது பகலில் மட்டும். ஒன்றை எடுத்தால் உடனே இன்னொன்றை விடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் இலைக்குள் வேறு வேறு வேலை, வேறு வேறு இடம். இந்தச் செடிகளில் நேரமும் வேறு.

நாசா ஆய்வு என்று ஒருவர் இணைப்பு போட்டிருக்கிறார். 1989இல் வந்த அந்த ஆய்வு ராத்திரி ஆக்சிஜன் பற்றியதே இல்லை. மூடிய பெட்டிக்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைத் தொட்டிச் செடிகள் குறைக்கின்றனவா என்று பார்த்தது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பெட்டிக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது.

ஸ்நேக் பிளான்ட் வாங்குங்கள், அழகான செடி, மறந்து ஒரு மாதம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது. ஆக்சிஜனுக்காக வாங்க வேண்டாம்.

மார்ச் 5, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும், தூக்கம் வரவில்லை.

இந்த ராத்திரி அமிலத்தைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து ஆள் மாதிரிதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். இந்தியாவில் தோட்டத்தில் வளர்ந்த ரணகள்ளி இலையை வாயில் போட்டுப் பார்த்து லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. காலையில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, சாயங்காலம் லேசான கசப்பு. அவ்வளவுதான் விஷயம். கருவி எதுவும் இல்லை, நாக்கு மட்டும்.

ரணகள்ளி எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. இலை ஓரத்துப் பல்லுகளில் குட்டிச் செடி முளைக்குமே, அதுதான். விடியற்காலையில் கிள்ளி நுனிநாக்கில் வைத்தால் புளியாரைக் கீரை மாதிரி சுரீரென்று இருக்கும். அதே செடியில் மத்தியானம் மூன்று மணிக்குக் கிள்ளினால் தண்ணீர் விட்ட வெள்ளரிக்காய் மாதிரி ஒன்றுமே இல்லை. ராத்திரி முழுக்கச் செடி காற்றிலிருந்து எடுத்ததையும் பகலில் செலவு செய்ததையும் நாக்கிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒன்று சொல்ல வேண்டும்: தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். இதில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு, ஆடு மாடு நிறையத் தின்றால் விஷம். பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் லிட்மஸ் தாள் போதும்.

மார்ச் 7

"ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள், கரியமில வாயுவிலும் ஆக்சிஜன் இருக்கிறதே" என்று கேட்ட தம்பிக்கு: அருமையான கேள்வி. ரொம்ப நாள் உலகமே அப்படித்தான் நினைத்தது. கரியமில வாயுவைப் பிளந்து கார்பனை வைத்துக்கொண்டு ஆக்சிஜனைத் துப்புகிறது என்று.

சந்தேகத்தைக் கிளப்பியவர் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர். ஊதா நிறக் கந்தக பாக்டீரியா சிலவற்றை ஆராய்ந்தார். அவையும் ஒளியை வைத்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும், ஆனால் ஆக்சிஜனே விடாது. தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொண்டு, மஞ்சள் கந்தகத்தை மிச்சம் விடும். சல்பைடு கொடுத்தால் கந்தகம் மிச்சம் என்றால், தண்ணீர் கொடுத்தால் ஆக்சிஜன் மிச்சமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். 1941இல் பெர்க்லியில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமெனும் கூட இருந்தவர்களும், எடை கூடிய ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரில் குளோரெல்லா பாசியை வைத்தார்கள். வெளியே வந்த ஆக்சிஜன் வாயு, தண்ணீரில் இருந்த அதே விகிதத்தில் கனமாக இருந்தது. முடிந்தது கதை.

எனக்கு இந்த இழையில் சொல்ல வேண்டியதே இதுதான் என்று இப்போது படுகிறது. நாம் எல்லாரும் வாயுவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், எதை எடுக்குது, எதை விடுது என்று. செடிக்கு வேண்டியது எலக்ட்ரான். தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, வெளிச்சத்தை வைத்து அதற்கு ஆற்றல் ஏற்றுகிறது, கார்பனோடு சேர்த்துச் சர்க்கரையில் கட்டிவைக்கிறது. ஆக்சிஜன் அந்தப் பிடுங்கலில் மிஞ்சிய கழிவு. சுவாசத்தில் நாம் அதே எலக்ட்ரானைச் சர்க்கரையிலிருந்து கழற்றி, படிப்படியாக இறக்கி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். அது மறுபடி தண்ணீராகிறது. ராத்திரி செடியும் இதையேதான் செய்கிறது. நாம் மூச்சிழுப்பதே இறங்கி வந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக.

மார்ச் 8

ஒருவர் மகளின் பரீட்சைக்காகக் கேட்டிருக்கிறார்: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 38 ஏடிபியா, 36ஆ, 32ஆ? மூன்று புத்தகத்தில் மூன்று விடை. (ஏடிபி என்பது சர்க்கரையை எரித்துச் செல் உண்டாக்கும் ஆற்றல் பொட்டலம், செல் தன் வேலைகளுக்குச் செலவழிப்பது அதைத்தான்.)

பரீட்சைக்கு வகுப்புப் புத்தகத்தில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். விஷயம் இதுதான். சர்க்கரையிலிருந்து கழற்றிய எலக்ட்ரானைச் சுமந்து போகும் மூலக்கூறுகள் என்ஏடிஹெச், எஃப்ஏடிஹெச்2. பழைய கணக்கில் என்ஏடிஹெச் ஒன்றுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஹெச்2 ஒன்றுக்கு 2. பத்து என்ஏடிஹெச்சுக்கு 30, இரண்டு எஃப்ஏடிஹெச்2-க்கு 4, நேரடியாக வரும் 4, ஆக 38. செல்லின் பொதுத் திரவமான சைட்டோபிளாசத்தில் உண்டான இரண்டு என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்களை, செல்லுக்குள் ஏடிபி தயாராகும் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கும் வழியில் இரண்டு குறைந்தால் 36. பிற்பாடு சரியாக அளந்தபோது 3 என்றது சுமார் 2.5 ஆனது, 2 என்றது 1.5 ஆனது. 25, 3, 4, கூட்டினால் 32. உள்ளே சேர்க்கும் வழி மாறினால் 30.

முழு எண் வராதது ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் அவளுக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். ஏடிபி நேரடி ரசாயன வினையில் எலக்ட்ரானுக்கு இத்தனை என்று எண்ணி வருவதில்லை. நடுவில் வேறு ஒன்று இருக்கிறது. நாளை.

மார்ச் 9

நாளை என்றது அடுத்த குறிப்புக்குத் தள்ளிப்போகிறது. அதற்கு முன் ஏடிபியைக் கண்டுபிடித்தவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். 1923இல் அமெரிக்கா போய், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயோடு வேலை செய்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க இருவரும் 1925இல் உண்டாக்கிய முறை இருவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதை வைத்துக்கொண்டு தசைக்குள் பாஸ்பேட் எங்கே போகிறது என்று தேடியபோது 1927இல் பாஸ்போகிரியட்டினும் 1929இல் ஏடிபியும் கிடைத்தன. அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார்.

நம் உடம்பில் ஒரு சமயத்தில் இருக்கும் ஏடிபி ஐம்பது, நூறு கிராம் அளவுதான். அதையே உடைத்து, மறுபடி கட்டி, மறுபடி உடைத்து, ஒரு நாளில் நாம் புழங்கும் மொத்தம் ஏறக்குறைய நம் உடல் எடைக்குச் சமமாக வரும். சென்னையில் படித்த ஒருவர் பெயர் இதில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வரியாவது அவருக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்ச் 11

சரி, நடுவில் இருப்பது என்ன?

சர்க்கரை எரிந்து வரும் ஆற்றல் ஏடிபியாக மாறுவதற்கு நடுவில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று உலகத்துப் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல வருடம் தேடின. கிடைக்கவில்லை. 1961இல் பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார். எலக்ட்ரான் படியிறங்கும்போது விடும் ஆற்றலை வைத்து, சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரோட்டான்கள் (அமிலத்தில் நிறைய இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள்) தள்ளப்படுகின்றன. மேட்டூரில் தேக்கிய தண்ணீர் மதகு வழியாக இறங்கும்போது சக்கரத்தைச் சுற்றுவது போல, தேங்கிய புரோட்டான்கள் திரும்ப இறங்கும்போது ஏடிபி உண்டாகிறது. பலர் ஏற்கவில்லை. உடல்நலம் கெட்டு எடின்பரோ வேலையை விட்ட மிட்செல், கார்ன்வாலில் போட்மின் பக்கத்தில் பாழடைந்து கிடந்த கிளின் ஹவுஸ் என்ற மாளிகையைப் பழுது பார்த்து, அங்கேயே ஜெனிஃபர் மொய்லோடு சேர்ந்து சின்ன ஆய்வுக்கூடம் வைத்தார். 1978இல் நோபல் பரிசு.

இதற்கு வந்த ஆதாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1966இல் அமெரிக்காவில் ஆண்ட்ரே ஜாகண்டார்ஃபும் எர்னஸ்ட் யுரைபும் செய்தது. கீரை இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகச் சவ்வுகளை (பசுங்கணிகம் என்பது இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) இருட்டில், பிஹெச் 4 அளவுள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்தார்கள். உள்ளே அமிலம் ஏறிய பிறகு சட்டென்று பிஹெச் 8 கரைசலுக்கு மாற்றி, ஏடிபிக்கு வேண்டிய மூலப்பொருளைக் கொடுத்தார்கள். ஏடிபி வந்தது. வெளிச்சம் இல்லை. எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. புரோட்டான் உள்ளே அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

1974இல் ராக்கரும் ஸ்டோக்கெனியசும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரின் ஊதாப் புரதம், வெளிச்சம் பட்டால் புரோட்டானைத் தள்ளும். மாட்டு இதயத்து மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி கட்டும் இயந்திரம் இருக்கிறது. சோயாக் கொழுப்பில் செய்த குமிழிக்குள் இரண்டையும் பதித்து வெளிச்சம் காட்டினார்கள். ஏடிபி வந்தது. அந்த நுண்ணுயிருக்கும் மாட்டுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை, இருந்தும் புரோட்டான் ஒரு பக்கம் தேங்கினால் போதும். வகுப்பில் இதைச் சொல்லும் நாளில் எனக்கு மணி அடிப்பது காதில் விழாது.

அந்த இயந்திரம் நிஜமாகவே சுற்றுகிறது. 1997இல் ஜப்பானில் அதன் அச்சில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழை ஒன்றை ஒட்டிவைத்து, நுண்ணோக்கியில் சுற்றுவதைப் படம் பிடித்தார்கள். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. ஒரு சுற்றுக்கு எத்தனை புரோட்டான் வேண்டும் என்பது அடியில் இருக்கும் வளையத்தில் எத்தனை துண்டு என்பதைப் பொறுத்தது: மாட்டு மைட்டோகாண்ட்ரியாவில் 8, ஈஸ்ட்டில் 10, கீரைப் பசுங்கணிகத்தில் 14. எட்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது இல்லையா? மார்ச் 8 கேள்விக்கு இதுதான் விடை.

மார்ச் 11, சற்றுப் பின்

நேற்றுவரை ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் இரண்டு எதிரெதிர் வேலைகள் என்று நினைத்தவர்கள் இதைக் கவனியுங்கள். பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஒரே வகை இயந்திரம்தான், சவ்வில் பதிந்து சுற்றுகிறது. எலக்ட்ரானை எங்கிருந்து எடுத்து எங்கே கொண்டுபோகிறோம் என்பதுதான் மாறுகிறது.

மார்ச் 14

குளுக்கோஸ் ஆற்றலில் ஏடிபி ஆனது போக மீதி எங்கே போகிறது என்று ஒரு கேள்வி. சூடாகப் போகிறது. இதை எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வருடம், மாமாவின் நெல், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக்கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காய வைக்க வெயில் இல்லை. நான் போனபோது மாமா என் கையைப் பிடித்துக் குவியலுக்குள் முழங்கை வரை விடச் சொன்னார். மேலே சில்லென்ற மழைக்காற்று, உள்ளே காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி வெக்கை. கையை எடுத்தால் ஊறல் வாடை. சில மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

நெல் உயிரோடு இருக்கிறது. ஈரம் கிடைத்ததும் சுவாசம் ஏறும், சேர்த்துவைத்த மாவுச்சத்து எரியும், சூடு வரும், கூடவே தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் ஈரத்தை மேலும் கூட்டும், அதனால் சுவாசம் இன்னும் ஏறும். பூஞ்சணமும் சேர்ந்து சூடேற்றும். அப்படியே கிடந்தால் எடை குறையும், அரிசி பழுப்படிக்கும். வயலில் மாதக்கணக்கில் வெயிலைப் பிடித்து நெல் சேர்த்ததெல்லாம் சாலையோரத்தில் சூடாகி வீணாகிறது. உலர்த்தும் களமும் கூரையும் போதுமான அளவில் கட்டிக்கொடுப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. செய்ய வேண்டும், அவ்வளவுதான். 13, 14 சதவீதத்துக்கு உலர்த்திவிட்டால் நெல்லின் சுவாசம் அடங்கி மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

வேண்டுமென்றே சூட்டைக் கிளப்பும் செடியும் உண்டு. தாமரை. அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்திருக்கிறார்கள், 1996இல் வெளிவந்தது: வெளியே காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும் பூவுக்குள் 30 முதல் 36 டிகிரி வரை, இரண்டு நாளிலிருந்து நான்கு நாள் வரை காப்பாற்றுகிறது. எலக்ட்ரான் இறங்கும் வழியில் புரோட்டானைத் தள்ளாத ஒரு குறுக்கு வழி செடிகளுக்கு உண்டு. அதில் போனால் ஏடிபி குறைந்து சூடு கூடும். பூவுக்குள் வரும் வண்டுக்கு அந்தக் கதகதப்பு பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். சேனைக்கிழங்குப் பூ சூடாகி நாற்றம் கிளப்புவதும் இந்த வகைதான்.

மார்ச் 15

நெல் பேச்சு வந்ததால் இன்னொன்று. கரியமில வாயுவைப் பிடிக்கும் வழியை வைத்துச் செடிகளைச் சி3, சி4 என்று பிரிப்போம். கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, வரகு, கரும்பு, மக்காச்சோளம் இவை எல்லாம் சி4 வகை. நெல்லும் கோதுமையும் சி3. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி மந்தமானது, விநாடிக்கு மூன்று நாலு மூலக்கூறு அளவில்தான் பிடிக்கும். வெயில் ஏறினால் கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். சி4 செடிகள் இலைக்குள்ளேயே ஒரு உள்ளறையில் கரியமில வாயுவை அடர்த்தியாகச் சேர்த்து ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கின்றன. முதல் தடயம் ஹவாய் கரும்பு ஆய்வாளர்களிடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஹேட்சும் ஸ்லாக்கும் 1966இல் வழியை விளக்கினார்கள். அதுவும் கரும்புதான். மானாவாரியில் கம்பு தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு காரணம், ஆழமான வேர் இன்னொன்று. நெல்லை சி4 ஆக்க முடியுமா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய முயற்சி இன்னும் முடியவில்லை. இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது, லேசுப்பட்ட காரியம் இல்லை.

மார்ச் 17

அறிவியல் கண்காட்சிக்கு ஹைட்ரில்லா சோதனை (நீர்ச்செடியைத் தண்ணீருக்குள் புனலால் மூடி, அது விடும் ஆக்சிஜனைக் குழாயில் பிடிப்பது) வைத்தும் குமிழி வரவில்லை என்று எழுதிய அக்காவுக்கு.

தண்டைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே புதிதாக வெட்டுங்கள். வெட்டிய முனை மேலே, புனலின் குழாய்ப் பக்கமாக இருக்கட்டும். குமிழி அங்கிருந்துதான் வரும். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு போதாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் வேண்டாம், அதில் கொஞ்சமும் மிஞ்சாது. நேர் வெயிலில் வையுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் நூல் கோத்தது போல வரிசையாகக் கிளம்பும். கறுப்புத் துணி போட்டு மூடினால் வேகம் குறைந்து நின்றுபோகும். கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு உங்கள் மகள் முதலில் காட்ட வேண்டியது அந்தத் துணி போடுவதைத்தான், அரச மரத்துக் கேள்விக்கும் அதுவே விடை.

சேர்ந்த வாயுவில் கனலும் ஊதுவத்தியை நீட்டினால் சில சமயம் பளிச்சென்று பிடிக்காது. தண்ணீரிலிருந்து நைட்ரஜனும் கலந்து வருவதால் அப்படி. கூடுதல் நேரம் வெயிலில் விட்டு, குழாயில் பாதிக்கு மேல் வாயு சேர்ந்த பிறகு செய்யச் சொல்லுங்கள்.